ஐந்தாவது கியரில் வீடு

நானும் வருகிறேன் என்று அவள் மனதுக்குள் சொன்னாள். பல்லிடுக்கில் துணிக்கிளிப் இருந்ததால் வெளியே "ம்" என்று மட்டும்தான் வந்தது. அவள் புருஷனான டிரைவர் அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டு முதல் கியரைப் போட்டார். லாரி அணைந்தது. வீடு ஒரு சாண் முன்னால் நகர்ந்தது.

வீடு நகர்ந்ததை அன்று யாரும் கவனிக்கவில்லை. கவனிப்பதற்கு லாரி இருந்தது. வீட்டை ஒட்டிய காலி மனையில், வீடு பார்க்கும் திசையையே பார்த்தபடி அது நின்றது. டிரைவர் சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஒரு குறையும் சொல்லாமல் பிடித்தது. நியூட்ரலில் இருக்கும்வரை வெண்ணெய் மாதிரி ஓடியது. கியரைப் போட்டதும் விக்கல் எடுத்தவன்போல ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் அவள் கயிற்றைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கும் எதிர்வீட்டில் இருந்த நாத்தனாரின் ஜன்னல் கம்பிக்கும் நடுவே, சந்தின் குறுக்கே கட்டியிருந்த கொடி அது. இழுத்துக் கட்டக் கட்டத் தொய்ந்துகொண்டே போனது, படுக்கைவிரிப்பின் நுனி மண்ணில் புரண்டது. நல்ல நைலான் கயிறு என்று சொல்லிக் கொடுத்த கடைக்காரன் அன்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான், அவன் அங்கே இல்லாவிட்டாலும்.

அவர்கள் இருவருக்குள்ளும் ஒரு பழக்கம் இருந்தது. டிரைவர் இன்ஜினை உசுப்பிவிட்டு வாசலைப் பார்ப்பார். அவள் "போய்ட்டு வாங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் கியர். கண்ணாடியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பதுபோல அதுவும் ஒன்று, வேறு அர்த்தம் எதுவும் அதற்கு இல்லை. கல்யாணமான புதிதில் நானும் ஒரு தடவை வரட்டுமா என்று அவள் கேட்டதுண்டு. வீட்டை விட்டுட்டு எப்படி வருவே என்று அவர் திருப்பிக் கேட்டார். கெட்ட மனதோடு கேட்கவில்லை. உண்மையிலேயே வீடு என்று ஒன்று இருந்தது. அதற்குக் காலையில் தண்ணீர் வரும், சிலிண்டர்க்காரன் வருவான், மகளுக்குப் பரீட்சை வரும். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். விட்டுவிட்டதாக அவளே நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு முறை இன்ஜின் உறுமும்போதும் நானும் வருகிறேன் என்ற நினைப்பு அடுப்பில் வைத்த பால்போலப் பொங்கி மேலே வந்தது. போய்ட்டு வாங்க என்ற சொல்லைத் தட்டுபோல அதன்மேல் கவிழ்த்து மூடினாள். இத்தனை வருடமும் மூடியது. அன்று கிளிப் குறுக்கே இருந்துவிட்டது.

மெக்கானிக் மறுநாள் வந்தார். தெருமுனையில் ஷெட் வைத்திருக்கும் அவர் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். வண்டிக்கு வைத்தியம் பார்க்க வரும்போதெல்லாம் முதலில் கேட்கும் கேள்வியை அன்றும் கேட்டார்.

"கடைசியா வண்டியில என்ன மாத்தின மாப்ள?"

"ஒண்ணும் மாத்தல மச்சான்."

"ஒண்ணும் மாத்தாம எந்த வண்டியும் மாறாது. யோசிச்சுச் சொல்லு."

டிரைவர் யோசித்தார். டீ டம்ளர்களோடு பக்கத்தில் நின்றிருந்த அவளுக்கு மட்டும் பதில் தெரிந்தது. என்ன மாறியது என்பது தெரிந்தது. அதனால் என்ன ஆயிற்று என்பது இன்னும் தெரியவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள். ஏன் விழுங்கினோம் என்று உள்ளே போய் யோசித்துப் பார்த்தபோது பயம் என்று தோன்றவில்லை, கோபம் என்றும் தோன்றவில்லை. அந்த இரண்டு ஆண்களிடமும் இல்லாத ஏதோ ஒன்று முதல்முறையாகத் தன் கைக்குள் இருக்கிறது, அதை உடனே கொடுத்துவிட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மெக்கானிக் டீசல் பில்டரை மாற்றினார். பைப்பில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்த்தார், புகவில்லை. எந்த இன்ஜினும் சும்மா அணையாது, தூக்க முடியாததைத் தூக்கச் சொன்னால்தான் அணையும் என்பது அவர் கட்சி. ஆகவே ஏதோ ஒன்று வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று ஹேண்ட் பிரேக்கை முழுக்கக் கழற்றினார். கியர் போட்டதும் அணைந்தது. கிளட்ச் பிளேட்டை இறக்கிப் புதுசு போட்டார், அணைந்தது. பின்சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தரையிலிருந்து தூக்கி, இப்போது சுற்றித்தானே ஆகவேண்டும் என்று போட்டார். அந்தரத்தில் நின்றபடியே அணைந்தது. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான தண்டை உருவி ஓரமாகப் படுக்கவைத்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் கியர் பாக்ஸையே கழற்றிச் சாக்கின்மேல் இறக்கிவைத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, அதன் தலையில் இருந்த லீவரைக் கையால் முதல் கியருக்குத் தள்ளினார். லாரியில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அணைந்தது. அன்று அவர் மதியம் சாப்பிட வரவில்லை.

கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டி முடிப்பதற்குள் பல வாரங்கள் ஓடியிருந்தன. லாரியில் ஏற்றியிருந்த கூரை ஓடுகளை அதன் சொந்தக்காரர் வேறு வண்டி வைத்து எடுத்துப் போய்விட்டார். வண்டி இப்படியே நின்றால் அதை உடைசலுக்குக் கொடுக்க வேண்டியதுதான், பிறகு தான் என்ன செய்வது என்று டிரைவருக்குத் தெரியவில்லை. ஸ்டியரிங் பிடித்த கையால் வெங்காயம் நறுக்கித் தருகிறேன் என்று வந்து விரலை நறுக்கிக்கொண்டார்.

அவளுக்கு விஷயம் புரிந்தது சமையலறையில். வெளியே கியர் விழும்போதெல்லாம், பஸ் கிளம்பினால் நிற்பவர்கள் பின்னால் சாய்வதுபோலப் பாத்திரத்தில் இருந்த தண்ணீர் பின்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. முதலில் தலைசுற்றல் என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். அந்த ஜன்னலில் அவள் வந்த நாளிலிருந்து தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பாசி பிடித்த சுவர். எத்தனை ஆயிரம் பாத்திரம் கழுவியிருப்பாள், அத்தனைக்கும் அந்தப் பாசிதான் துணை. இப்போது அந்தச் சுவர் ஓரத்தில் முடிந்துபோய், அதற்கப்பால் ஒரு விரல் அகலத்துக்கு ரோடு தெரிந்தது. அந்த ஒரு விரலில் ஒரு சைக்கிள் நுழைந்து மறைந்தது. அவள் குழாயை மூட மறந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றிலிருந்து அவளுக்கு லாரியின்மேல் பெரிய அக்கறை வந்துவிட்டது. டிரைவர் அலுத்துப்போய் இறங்கும் நேரம் பார்த்து, இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேன் என்று உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். அவர் நெகிழ்ந்துபோனார். இத்தனை நாள் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள், கஷ்டம் என்று வந்ததும் எப்படிக் கூட நிற்கிறாள் பார் என்று மச்சானிடம் சொல்லிக் கண் கலங்கினார். ரோடு இரண்டு விரலாகி, நான்கு விரலாகி, ஒரு முழமாயிற்று.

விஷயத்தை வெளியே சொன்னவள் நாத்தனார். காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள், துடைப்பத்தை நீட்டினால் எதிர்வீட்டுப் படியில் இடிக்கிறது என்பதைக் கண்டாள்.

"லாரி நகரல, லாரி நகரலன்னு ரெண்டு பேரும் தலையைப் பிச்சுக்கறீங்க. வீடு நடந்து என் வாசலுக்கு வந்து நிக்குது. அதைக் கேக்க ஒரு நாதியில்ல."

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கம், வீடு விட்டுவிட்டு வந்த இடத்தில், மண்புழுக்கள் நெளியும் ஈரமண் பட்டையாகக் கிடந்தது. டிரைவரை ஏறிக் கியர் போடச் சொல்லிவிட்டு, இன்ஜின்மேல் வைப்பதுபோலவே சுவரின்மேல் காதை வைத்தார். லாரி அணைந்தது. சுவர் அவர் காதை உரசிக்கொண்டு ஒரு சாண் போயிற்று.

"பாரம் வண்டியில இல்ல மாப்ள," என்றார். "வண்டி வீட்டை இழுக்குது."

அதைச் சொன்னதும் அவர் முகத்தில் வாரக்கணக்காக இல்லாத தெளிவு வந்தது. கோளாறு எது என்று தெரியும்வரைதான் அவருக்கு அது அதிசயம். தெரிந்தபிறகு அது வெறும் கோளாறு. வீட்டை எதற்கு இழுக்கிறது என்று டிரைவர் கேட்டார். அதை வீட்டைத்தான் கேட்கவேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். அடுப்பு அணைந்திருந்தது.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் வீடும் திரும்புகிறது என்று கண்டுபிடித்தார்கள். நாத்தனார் வீட்டுக்குள் நுழைந்துவிடாமல் இருக்க அது உதவியது. முதல் கியருக்கு ஒரு சாண், இரண்டாவதுக்கு ஒரு முழம், மூன்றாவதுக்கு ஓர் அறை நீளம். தண்ணீர்க் குழாயும் மின்சாரக் கம்பியும் வீட்டோடு நீண்டுகொண்டே போயின, அதற்குத் தனியாக யாரும் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. ஐந்தாவது போட்டால் என்ன என்று ஜன்னலிலிருந்து கேட்டவள் அவள்தான். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நின்ற இடத்திலிருந்து ஐந்தாவது கியரில் வண்டி எடுப்பவனை டிரைவர்கள் கூட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். அப்படிப்பட்டவனுக்கு ஆட்டுக்குட்டியைக்கூடப் பிடித்துப்போகக் கொடுக்கக் கூடாது என்பார்கள். ஆனால் எதைப் போட்டாலும் அணையத்தான் போகிறது என்றால் எதைப் போட்டால் என்ன என்று அவள் விடவில்லை. டிரைவர் கேபினில் ஏறி, தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு ஐந்தாவதைப் போட்டார். வீடு அந்தச் சந்திலிருந்து வெளியேறி, பெரிய ரோட்டில் ஏறி, பாலத்துக்கு அப்பால் போய் நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. அவள் முன்ஜன்னலில் போனை வைத்துக்கொண்டு உட்காருவாள். டிரைவர் மனையில் நிற்கும் லாரியில், காதில் போனோடு, சாவி, கியர், சாவி, கியர் என்று போட்டுக்கொண்டிருப்பார். வாழ்க்கையில் ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொடாதவள் இடது என்றாள், இன்னும் கொஞ்சம் இடது என்றாள், மரம் வருகிறது என்றாள். வாழ்க்கையில் ஒரு நாளும் யாரிடமும் வழி கேட்காதவர் சொன்னபடி திருப்பினார். எதிரே வந்த லாரிகள் லைட்டை அடித்து வழிவிட்டன. வீட்டுக்குள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது, காலண்டர் மட்டும் ஆணியில் மெல்ல ஆடியது. அவள் பாத்திரம் கழுவினாள். ஜன்னலில் ஒரு பள்ளிக்கூடம் போயிற்று, ஒரு ஏரி வந்தது, ஏரி முடியவே இல்லை. கழுவிய தட்டையே மறுபடி மறுபடி கழுவினாள்.

முதலில் போனது மகள் வீட்டுக்கு. மகள் வேறு ஊரில், ஒரு மாடி வீட்டில் குடியிருந்தாள். அம்மாவின் குரல் கேட்டு எட்டிப் பார்த்தவள், வழக்கமாகக் கேட்பதையே கேட்டாள்.

"வந்துட்டியா! வீட்டை என்னம்மா பண்ணின?"

"கொண்டு வந்துட்டேன்."

மகள் மாடியிலிருந்து தெருவைப் பார்த்தாள். தான் வளர்ந்த வீடு, காம்பவுண்டை ஒட்டி ஓரமாக, மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்றிருந்தது. சரி, டீ போடறேன் என்றாள். அங்க வேணாம், இங்க வா, நான் போட்டுட்டேன் என்றாள் அம்மா.

வருடங்கள் போயின. வீடு போகிறது என்று தெரிந்ததும் ஆட்கள் சாமான் கொடுக்க ஆரம்பித்தார்கள். தையல் மெஷின், சோபா, புத்தகக் கட்டு, கண்ணாடி பதித்த பீரோ. மழையில் நனையாமல் ஹாலிலேயே வைத்துக் கொண்டுபோகும், இறக்குமிடத்தில் டீயும் கிடைக்கும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள். லாரி ஓடிய காலத்தைவிடக் குறைவில்லாமல் குடும்பம் ஓடியது. நாத்தனார் மட்டும் எதிரே வீடு இல்லாத நாட்களில் தன் ஹாலில் வெயில் நேராக அடிக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். இருந்தாலும் வீடு கிளம்பும்போது, துணியோடு அப்படியே வீட்டின் இன்னொரு ஜன்னலில் கட்டிக்கொள்வதற்காகக் கொடிக்கயிற்றைத் தன் பக்கத்திலிருந்து அவிழ்த்துக் கொடுப்பது அவள் வேலை என்று ஆகிவிட்டது.

வீடு ஊரில் இல்லாதபோது டிரைவர் அது இருந்த இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு தங்கினார். மழை வந்தால் லாரி கேபின். அந்த ஈரமண் சதுரத்தில் அவர் சுவர் இருந்த இடத்தைச் சுற்றித்தான் போவார். செருப்பை வாசல் இருந்த இடத்தில் விடுவார். சமையலறை இருந்த மூலையில் ஸ்டவ் வைத்துச் சமைப்பார், குளியலறை இருந்த பக்கம் போகும்போது ஒரு இருமல் இருமிவிட்டுப் போவார். பொழுது சாயும் நேரத்தில் போன் செய்து, எங்க இருக்க, சாப்பிட்டியா, எப்ப வருவ என்று கேட்பார். இந்த மூன்று கேள்வியையும் தான் எத்தனை வருடம் கேட்டிருப்போம் என்று அவள் நினைத்துக்கொள்வாள், சொல்லமாட்டாள். அவர் அப்போதெல்லாம் சொன்ன பதிலையே அவளும் சொன்னாள்: ரோட்டுல இருக்கேன், ஆச்சு, பாக்கலாம்.

ஒருமுறை அவர் கேட்காமலே ரிவர்ஸ் போட்டுவிட்டார். அவள் அப்போது மகள் பெற்ற குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்து மகள் கையில் கொடுத்துவிட்டு, பவுடர் டப்பா எடுக்க உள்ளே வந்திருந்தாள். வீடு பின்னால் போக ஆரம்பித்தது. மகள் தன் வீட்டு வாசலில், தலை ஈரம் காயாத குழந்தையோடு சின்னதாகிக்கொண்டே போனாள். ஏரி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, கடைசியில் பாசி பிடித்த தொட்டிச் சுவர் வந்து ஜன்னலை அடைத்தது. அவள் பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் கேபினிலிருந்து இறங்கி, "தனியா இருக்க முடியல," என்றார். அவள் டப்பாவோடு திரும்ப உள்ளே போனாள். பல நாள் பேசவில்லை. அந்த மௌனத்தில் அவள் அவரை அளந்துகொண்டிருந்தாள், தன்னையும்தான். தனியா இருக்க முடியல என்பது தனக்கும் தெரிந்த வாக்கியம். ஆனால் தன்னிடம் ரிவர்ஸ் கியர் இருந்ததில்லை. இருந்திருந்தால் போட்டிருப்போமா என்று நேர்மையாகக் கேட்டுப் பார்த்தாள். போட்டிருப்போம் என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகு அவளால் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. நீங்களும் கூட வாங்க, அண்ணன் கியர் போடட்டும் என்றாள். அவர் வந்தார். வழி முழுக்க ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை வலதுகாலால் மிதித்து மிதித்து, ஊர் போய்ச் சேர்வதற்குள் காலில் வலி கண்டு படுத்துவிட்டார். ஓட்டிப் பழகியவனை உட்கார வைத்துக் கூட்டிப்போகக் கூடாது என்று மெக்கானிக் தீர்ப்பு சொன்னார்.

டிரைவருக்குக் காரணம் பிடிபட்டது ஒரு பல் பிரஷ்ஷால். அவள் கிளம்பும் ஒரு காலையில், அவர் இன்ஜினை ஓடவிட்டு இறங்கி நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து அவள் போய்ட்டு வரேன் என்றாள். வாய் நிறைய நுரையோடு அவர் "ம்" என்றார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஏறிக் கியர் போட்டார், வீடு போயிற்று, அவர் நுரையைத் துப்ப மறந்து கேபினிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியா வண்டியில என்ன மாத்தின மாப்ள. அன்றைக்கு அவள் பல்லிடுக்கில் இருந்த கிளிப்பின் நிறம்கூட அவருக்கு ஞாபகம் வந்தது. நீலம்.

அவள் திரும்பி வந்தபின்னும் அவர் உடனே எதுவும் கேட்கவில்லை. சில நாள் லாரியைத் துடைத்தார், டயருக்குக் காற்று பிடித்தார், புது வைப்பர் வாங்கி மாட்டினார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெரிய ரோட்டில் லாரி போகும் சத்தம் கேட்டால் அவர் தலை தானாகத் திரும்பும், எந்தக் கியரில் போகிறது என்று உதடு சொல்லும். அவர் கால்கள் எதற்கு ஏங்குகின்றன என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்.

அடுத்து அவள் போகவிருந்தது கடலுக்கு. அங்கே யாரும் இல்லை, இறக்குவதற்குச் சாமானும் இல்லை. கரையோரமாக வீட்டை நிறுத்திவிட்டு, சமையலறை ஜன்னலில் கடல் தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு சுமை பாத்திரம் கழுவவேண்டும் என்பது அவள் திட்டம். கிளம்பும் காலையில் துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள், போகிற வழியில் காய்ந்துவிடும். டிரைவர் லாரியிலிருந்து இறங்கி வந்து கொடிக்கு அந்தப் பக்கம் நின்றார். நடுவில் அவருடைய சட்டை ஈரத்தோடு தொங்கியது.

"ஒரு தடவை சொல்லேன்," என்றார். "முன்ன சொல்லுவியே. போய்ட்டு வாங்கன்னு."

அவர் அதிகாரமாகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் ஏணி கடன் கேட்பவர்போலக் கேட்டார். சொன்னால் லாரி கிளம்பும் என்பது இருவருக்கும் தெரிந்தது. வீடு நிற்கும் என்பதும் தெரிந்தது. வெறும் இரண்டு சொல். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், ஒரு தடவைகூட அது கனத்ததில்லை. இப்போது நாக்கின்மேல் வைத்துப் பார்த்தாள். அது அப்படியே, பழைய ருசியில், எந்தக் கசப்பும் இல்லாமல் இருந்தது. அவர்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அந்த நிமிடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பிரியம் இருந்தது. தட்டை எடுத்து மூடினால் பால் பொங்குவது வெளியே தெரியாது. ஆனால் பொங்கி வழிந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்பதையும் அவள் இதற்குள் பார்த்துவிட்டாள்.

கூடையில் கைவிட்டு ஒரு கிளிப்பை எடுத்தாள். அவர் சட்டையின் தோளில் அதை மாட்டினாள். இன்னொன்றை எடுத்து, அவர் முகத்தைப் பார்த்தபடி, பல்லிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு ஜன்னலில் நாத்தனார் அவள் வாயில் இருந்த கிளிப்பைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டு, சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு, போய்க் கேபினில் ஏறி இன்ஜினை உசுப்பினார். அது ஒரு குறையும் சொல்லாமல் பிடித்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எத்தனை போடட்டும் என்று கேட்டார்.

அவள் வாயைத் திறக்காமல் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.